திரும்பி வரும் விமானத்தில் மனசு எங்கே இருக்கிறது?

விழுப்புரம் ஜங்ஷன் எழுதியது (ஞாயிறு, இரவு 9:50)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் ஜப்பான் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா. போய்ப் பார்த்த கதையை இங்கே பலர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத வேண்டும் என்று இருப்பது திரும்பி வந்த பொழுதைப் பற்றி. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் ஏழரை மணி நேரம், அங்கே நாலு மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் சென்னைக்கு இன்னொரு நாலு மணி.

அப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 34 வருஷ சர்வீஸ். பெரும்பாலும் விழுப்புரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன்களில். வைகையோ பாண்டியனோ அங்கே நிற்காது. நிற்காத வண்டிக்குத்தான் அவருக்கு வேலை அதிகம். வண்டி வேகமாகக் கடக்கும்போது பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும். சக்கரத்தில் புகை வருகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா, கதவு திறந்து கிடக்கிறதா என்று பெட்டி பெட்டியாகப் பார்க்க வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பதிலுக்குப் பச்சை காட்டுவார். இதற்கு 'ஆல் ரைட் மாற்றிக்கொள்வது' என்று பெயர். ராத்திரியில் கொடிக்குப் பதில் விளக்கு. பள்ளிக்கூடத்தில் என்னை 'கொடி ஆட்டுறவர் பையன்' என்பார்கள். அப்போது அது எனக்கு அவமானமாக இருந்தது.

நரிட்டாவில் விமானத்தைப் பின்னால் தள்ளி முடித்ததும், தரையில் வேலை பார்த்த ஊழியர்கள் நாலு பேர் ஓரமாக வரிசையாக வந்து நின்றார்கள். ஒன்றாகக் குனிந்து வணங்கினார்கள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். ஜப்பானில் எல்லா விமான நிலையத்திலும் இப்படி வழியனுப்புவார்கள் என்று படித்திருக்கிறேன், பார்த்தது முதல் தடவை. அப்பா ஜன்னல் ஓரம். நான் போனை எடுப்பதற்குள் அவர் வலது கையைத் தூக்கிவிட்டார். ஆட்டவில்லை. முழங்கை மடங்காமல், உள்ளங்கை வெளியே பார்க்க, கொடி பிடிக்கிற மாதிரி நேராக. விமானம் திரும்பத் திரும்ப அவருடைய கழுத்தும் கூடவே திரும்பியது. அந்த நாலு பேரும் பார்வையிலிருந்து மறைந்த பிறகுதான் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஏழரை மணி நேரமும் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் ஆயிரத்துச் சொச்சம் படம் இருந்தது, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. முப்பது வருஷம் என் கண்ணுக்கு எதிரே இவர் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று, அவ்வளவு தூரம் போய்த் திரும்பும்போதுதான் எனக்குப் புரிந்தது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? திரும்பி வருகிற விமானத்தில் என்ன நினைத்துக்கொண்டு வருகிறீர்கள்?

லால்குடி பையன் எழுதியது (ஞாயிறு, இரவு 11:15)

அண்ணே, ரெண்டு தடவை படித்துவிட்டேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்குப் போவதுதான் பயணம், திரும்பி வருவது அதோட கடைசிப் பகுதி. சார்ஜாவில் இருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்குப் போவது என்பது வேலைக்குப் போவது. திரும்புவதைத்தான் நாங்கள் பயணம் என்று சொல்கிறோம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அறுபது நாள் லீவு. அதற்கு ஆறு மாசம் முன்னாடியே ரூமில் பெட்டி கட்டுகிற பேச்சு தொடங்கிவிடும். முப்பது கிலோ. தராசில் வைத்து, கூடினால் ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்துவிட்டு, மறுபடி வைத்து. யாருக்கு என்ன என்று நோட்டில் எழுதியிருப்போம். பக்கத்து ரூம்காரர் தன் மகளுக்கு வாங்கின செருப்பைக் கொடுத்துவிடுவார். அதை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, நம்முடைய சாமானில் ஒன்றைக் குறைத்துக்கொள்வோம்.

சார்ஜாவிலிருந்து திருச்சி நாலு மணி நேரம்தான். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நாலு மணி நேரம் கிடையாது. எப்போதும் ஜன்னல் சீட்தான் கேட்பேன். இறங்கும்போது சில நாள் காவிரியும் கொள்ளிடமும் தெரியும், நடுவில் ஸ்ரீரங்கம். ராஜகோபுரம் கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு அப்புறம் எனக்கு எதுவும் ஓடாது. போன தடவை என் மகனுக்கு மூன்று வயசு. வீடியோ காலில் 'அப்பா அப்பா' என்று கத்துகிறவன், ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் அவன் அம்மா சேலைக்குப் பின்னால் போய்விட்டான். நாலு நாள் ஆனது என் பக்கத்தில் வந்து படுக்க. விமானத்தில் நான் நினைத்துக்கொண்டு வருவது அந்த நாலு நாளை எப்படி ரெண்டாகக் குறைப்பது என்றுதான்.

வானிலை விரும்பி எழுதியது (திங்கள், காலை 6:40)

நல்ல இழை. நரிட்டா–சிங்கப்பூர் ஏழரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். போகும்போது அதைவிடக் குறைவாக எடுத்திருக்கும், சரிதானே? அதற்குக் காரணம் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற ஜெட் காற்று. குளிர்காலத்தில் சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

இந்தக் காற்றை முறையாக அளந்து பதிவு செய்தவர் ஒரு ஜப்பானியர்தான். வசாபுரோ ஓய்ஷி. 1920-களில் டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதெனோ என்ற இடத்தில் பலூன்களைப் பறக்கவிட்டுக் கணக்கெடுத்தார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் 1926-இல் அறிக்கையை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கின எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். வெளிநாட்டில் அநேகமாக யாரும் படிக்கவில்லை. எனக்கு இது எப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கும். எல்லாருக்கும் புரியட்டும் என்று ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தார், அதனாலேயே யாருக்கும் போய்ச் சேராமல் போயிற்று.

இன்னொன்று. வழக்கமாகத் திரும்பி வரும் பயணம் சின்னதாகத் தோன்றும் என்பார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தூரமும் நேரமும் ஒன்றாகவே இருந்தும் திரும்பும் வழி 22 சதவீதம் வரை குறைவாகத் தோன்றியதாகச் சொல்கிறார்கள். போகும்போது 'சீக்கிரம் போய்விடலாம்' என்று எதிர்பார்த்து ஏமாறுகிறோம், வரும்போது அந்த எதிர்பார்ப்பு இருப்பதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். 2015-இல் ஜப்பானில் செய்த இன்னொரு ஆய்வு, அந்தச் சுருக்கம் பயணம் முடிந்து நினைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, பயணம் நடக்கும்போது இல்லை என்றது. லால்குடி தம்பி சொல்கிற நாலு மணி நேரத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

நேர்கோடு எழுதியது (திங்கள், காலை 10:05)

அப்பா கதை மனசைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் திரும்பும் விமான ஞானோதயம் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. ஐரோப்பாவோ ஜப்பானோ போய்விட்டு வருகிறவர்கள் அந்த விமானத்தில் உட்கார்ந்து ஊரைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறார்கள். இறங்கியதும் 'அங்கே தெருவில் ஒரு காகிதம் கிடக்காது, நம்ம ஜனங்களுக்குப் புத்தியே இல்லை' என்பார்கள். என் சொந்தத்திலேயே மூன்று பேர். அங்கே குப்பையை வீடு வரை பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்களாம். மூன்று வாரம் கழித்து அவர்கள் காரிலிருந்து தண்ணீர் பாட்டில் வெளியே விழுவதை நானே பார்த்தேன். பத்து நாள் பார்த்ததை வைத்து எழுபது வருஷ ஊரை எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களைச் சொல்லவில்லை. இந்த இழை அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விழுப்புரம் ஜங்ஷன் எழுதியது (திங்கள், மதியம் 1:30)

நேர்கோடு, நீங்கள் சொல்வது நியாயம். எனக்குள்ளும் அந்தத் தீர்ப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தியது அப்பாதான்.

டோக்கியோ ஸ்டேஷனில் புல்லட் ரயிலைச் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்தோம். சுத்தம் செய்ய அவர்களுக்குக் கிடைப்பது ஏழு நிமிஷம். அதற்குள் இருக்கையெல்லாம் திருப்பி, குப்பை எடுத்து, மேஜை துடைத்து, வெளியே வந்து வரிசையாக நின்று வணங்குகிறார்கள். நான் 'பாருங்கப்பா, நம்ம ஊர்ல...' என்று ஆரம்பித்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்: "பொட்டிக்கு ஒரு ஆள் போட்டிருக்கான். நாங்க மூணு பேர் பாக்க வேண்டியத ஒருத்தர் பாத்தோம். பன்னெண்டு மணி நேரம்." அதற்கு மேல் நான் பேசவில்லை.

கியோட்டோவில் கோயில்களை எல்லாம் பொறுமையாகத்தான் பார்த்தார், ஆனால் அவர் விரும்பி உட்கார்ந்தது ரயில் நிலையத்தில்தான். வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் சிக்னலை விரலால் காட்டி, தனியாக நின்று சத்தமாக ஏதோ சொல்கிறார், கடிகாரத்தைக் காட்டிச் சொல்கிறார், கதவு மூடியதைக் காட்டிச் சொல்கிறார். மற்ற சுற்றுலாக்காரர்கள் வேடிக்கையாகப் படம் எடுத்தார்கள். அப்பா, "தனக்குத்தானே ஆல் ரைட் சொல்லிக்கிறான்" என்றார். ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாது.

ஹிரோஷிமா டிராம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு. மூன்றாம் நாளே, 9-ஆம் தேதி, ஒரு சின்னத் தூரத்துக்கு டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அடிபட்ட 651, 652 என்ற இரண்டு வண்டிகள் பழுது பார்க்கப்பட்டு இன்றைக்கும் ஓட்டத்தில் இருக்கின்றன. விமானத்தில் சிங்கப்பூர் வரும் வரை அவர் பேசியது இதைப் பற்றி மட்டும்தான். "அந்த மூணு நாள்ல லைனை யாரு சரி பண்ணியிருப்பா? அவங்க வீட்லயும் செத்துப்போயிருப்பாங்களே" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ரிட்டயர்டு டீச்சர் எழுதியது (திங்கள், மாலை 6:20)

தம்பி, நான் மயிலாடுதுறை. மகள் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போய் ஆறு மாதம் இருந்தேன். விசிட்டராகப் போனால் பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்க விடுவார்கள். குழந்தைக்கு ஐந்து மாதம் முடிகிற சமயம், டிசம்பரில் கிளம்பி வந்தேன்.

அந்த விமானத்தில் ஏறும் இடத்தில் சக்கர நாற்காலி வரிசையைப் பார்க்க வேண்டும். முக்கால்வாசி நம் பக்கத்து அம்மாக்கள். எல்லாரும் நடக்க முடியாதவர்கள் இல்லை. நடுவில் விமானம் மாறும் இடத்தில் வழி கேட்க பாஷை வராது, நாற்காலி போட்டால் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார், அதற்காகத்தான். என் பக்கத்து இருக்கையில் குண்டூர் பக்கத்து அம்மா. எனக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ் வராது. அவர் போனை எடுத்துப் பேரன் படத்தைக் காட்டினார். நான் பேத்தி படத்தைக் காட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் போனை மூடிவிட்டு அழுதோம். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. பணிப்பெண் வந்து தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

என் கையில் இருப்பது என் கணவருடைய பழைய எச்.எம்.டி. வாட்ச். ஊருக்கு வந்து சேர்ந்தும் அதில் நேரத்தை மாற்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மாலை ஆறரை என்றால் வாட்சில் காலை எட்டு. குழந்தை எழுந்திருக்கும் நேரம். மார்ச் மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள் என்று மகள் சொன்னாள். நானும் அன்றைக்கு வாட்சில் ஒரு மணி தள்ளினேன். இப்போது இட்லி ஊட்டுகிறார்களாம்.

விமானத்தில் கொடுத்த தயிர்சாதத்தில் உப்பே இல்லை என்று நினைத்தேன். அழுததால் அப்படி இருந்ததோ என்னவோ.

வானிலை விரும்பி எழுதியது (திங்கள், மாலை 7:10)

டீச்சரம்மா, அது அழுததால் மட்டும் இல்லை. விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் ஏழெட்டாயிரம் அடி மலை மேல் இருப்பது போல இருக்கும், ஈரப்பதமும் 20 சதவீதத்துக்குக் கீழே. மூக்கும் நாக்கும் காய்ந்துவிடும், உப்பும் இனிப்பும் மங்கலாகத்தான் தெரியும். தூக்கம் கெட்டிருக்குமே? நீங்கள் வந்தது கிழக்கு நோக்கி. உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமானது, அதனால் மேற்கே போனால் சீக்கிரம் ஒத்துப்போகும், கிழக்கே வந்தால் நாளாகும்.

பருத்தித்துறை எழுதியது (செவ்வாய், காலை 5:55)

நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் 'திரும்பி வருகிற விமானம்' என்று எழுதும்போது அது எந்தப் பக்கம் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு அதுதான் பிரச்சினை.

பன்னிரண்டு வயதில் வெளிக்கிட்டவன். கன வருஷத்துக்குப் பிறகு இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இலங்கையில், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நின்று, விசாவைக் காட்டித்தான் உள்ளே போனேன். எவ்வளவு நாள் நிற்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் சொன்னேன். திரும்பி வரும்போது பெட்டிக்குள் புழுக்கொடியல், பனாட்டு, வறுத்து இடிச்ச தூள், அம்மாவுக்கு வேப்பம்பூ வடகம். அம்மா ஸ்காபரோவில் இருக்கிறா, முழங்கால் வருத்தம், வர ஏலாது. டொராண்டோவில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'வெல்கம் ஹோம்' எண்டு சொன்னவர். நல்ல மனுஷன், அன்பாகத்தான் சொன்னார். நான் 'தேங்க் யூ' எண்டு சொல்லிப்போட்டு வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் கனநேரம் இருந்தேன்.

வடகத்தை அம்மா உடனே பொரிக்கவில்லை. பையைப் பிரித்து மணந்து பார்த்துவிட்டு, "எங்கட கிணத்தடி வேம்பு இன்னும் நிக்குதோ?" எண்டு கேட்டா. நிற்கிறது என்று சொன்னேன். உண்மையாகவே நிற்கிறது.

நேர்கோடு எழுதியது (செவ்வாய், காலை 9:30)

பருத்தித்துறை அண்ணன் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. படித்தேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

லால்குடி தம்பியிடம் ஒரு கேள்வி. தவறாக நினைக்க வேண்டாம். வளைகுடா விமானங்களில் சக்கரம் தரையைத் தொட்டதுமே எல்லாரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். பணிப்பெண்கள் கெஞ்சுகிறார்கள். ஏன் அந்த அவசரம்?

லால்குடி பையன் எழுதியது (செவ்வாய், இரவு 10:45)

டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன் அண்ணே. எழுந்து நிற்பது தப்புதான், ஆபத்தும்கூட. நான் இப்போது நிற்பதில்லை. முதல் தடவை வந்தபோது நின்றேன்.

அறுபது நாள் என்று சொன்னேன் இல்லையா, அது சக்கரம் தரையைத் தொட்ட நிமிஷத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீட்டு ஜனங்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள். வேன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தூக்குச் சட்டியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். என் முன் சீட்டில் ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார், அரியலூர் பக்கம். அவர் லீவில் வரவில்லை. அவருடைய அம்மா முதல் நாள் காலமாகிவிட்டார். உடம்பை எடுக்காமல் வைத்திருந்தார்கள். நாலு மணி நேரமும் பெல்ட்டைக் கழற்றாமல், கையில் பையைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். சக்கரம் தொட்டதும் எழுந்துவிட்டார். பணிப்பெண் வந்து கோபமாகச் சொன்னாள், விஷயத்தை நான் சொன்னதும் அவரை முதல் வரிசைக்கு அழைத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, கதவு திறந்ததும் முதல் ஆளாக இறக்கிவிட்டாள். அதற்கு அப்புறம் யார் எழுந்து நின்றாலும் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

விழுப்புரம் அண்ணே, அப்பா கை தூக்கினார் என்று எழுதினீர்களே. கீழே இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்குமா? அவ்வளவு சின்ன ஜன்னல்.

வானிலை விரும்பி எழுதியது (புதன், காலை 6:30)

அப்பா கியோட்டோவில் பார்த்ததற்கு 'ஷிசா கான்கோ' என்று பெயர். சுட்டிக் காட்டிச் சொல்வது. 1994-இல் ஜப்பான் ரயில்வே ஆய்வு நிறுவனம் செய்த சோதனையில், ஒன்றும் செய்யாமல் வேலை பார்த்தபோது நூற்றுக்கு 2.38 தவறு, சுட்டிக் காட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38. நம் ரயில்களிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். அப்பாவிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

விழுப்புரம் ஜங்ஷன் எழுதியது (புதன், இரவு 9:15)

அப்பாவிடம் சொன்னேன். "எண்ணிப் பாத்திருக்கானா?" என்று கேட்டு, எண்ணைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். இந்த இழை முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். டீச்சரம்மா வாட்சைப் பற்றி எழுதிய இடத்தில், இன்னொரு தடவை படி என்றார். அரியலூர்க்காரர் பகுதி வந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

லால்குடி தம்பி கேட்டதையும் கேட்டேன். கீழே இருந்தவர்களுக்கு உங்கள் கை தெரிந்திருக்குமா அப்பா என்று.

"தெரிஞ்சிருக்காது" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பொறுத்துச் சொன்னார்: "கார்டு பச்சை காட்டலேன்னா நாங்க மாஸ்டர்கிட்ட ஓடணும். அவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போடுவார். அங்க வண்டிய நிறுத்திப் பாப்பாங்க, கார்டுக்கு என்ன ஆச்சோன்னு. அந்தப் புள்ளைங்க நாலு பேரும் கை காட்டிக்கிட்டே நிக்குதுங்க. வண்டியில இருந்து யாருமே பதில் காட்டல. நான் எப்படிச் சும்மா ஒக்காந்திருப்பேன்?"

கொடி இரண்டும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன, பச்சையும் சிவப்பும், பரண் மேல் ஒரு தகரப் பெட்டியில். நேற்று ராத்திரி இறக்கித் தரச் சொன்னார். பச்சைக் கொடியின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அம்மாவிடம் ஊசி நூல் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் விளக்கு வெளிச்சத்தில் அவரே உட்கார்ந்து தைத்தார்.